கட்டிக்கு ஊட்டுகிறவள்

இரண்டாவது கரண்டிக்கே அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள். தங்கை சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். அது அக்காவின் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"என்னடி, அதுக்குச் சாப்பாட்டு நேரமா?"

அது என்றால் அக்காவின் பாதத்தில் மச்சம்போல் வந்து புற்றாகிப்போன கட்டி. வெட்டியெடுத்ததில் ஒரு துணுக்கைத் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கேட்டு வாங்கியவள் தங்கைதான். "குப்பைக்குப் போறதுதானே, உனக்காவது ஆகட்டும்" என்று அக்கா அன்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அதிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றெல்லாம் அவற்றுக்குத் தெரியாது.

தங்கையின் பாடு மைக்ரோ ஆர்.என்.ஏ.வோடு. செல்லுக்குள் இருக்கும் பொடிசு அது. தான் ஒன்றும் உருவாக்காது. புரதம் உருவாக்கச் சொல்லும் மற்ற ஆர்.என்.ஏ.க்களின் வாயை அடைக்கும். அக்காவின் கட்டியில் அப்படியொன்று குறைந்துபோயிருந்தது. அதைத் திரும்பச் சேர்த்ததும், வளர்ப்புத் தட்டில் கீறிய கோட்டைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்த செல்கள் அங்கங்கே நின்றுவிட்டன. "உங்க அக்கா செல்லு மாதிரி சொன்ன பேச்சு கேக்கறதை நான் பாத்ததே இல்லம்மா" என்று பேராசிரியர் பூரித்துப்போனார். அக்காவுக்குள்ளே இருந்தவை யார் பேச்சையும் கேட்காமல் நுரையீரல் வரை போயிருந்தன.

"தட்டுல நிக்குதுல்ல, எனக்கு ஏன் போட மாட்டேங்கறீங்க?"

"தட்டுல நேரா விட்டுடலாம்க்கா. உடம்புல கட்டிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரத்தத்துலயே சிதைஞ்சிடும். அதுக்கு வழி கண்டுபிடிக்க வருஷக்கணக்காகும்."

"அப்ப அதைக் கொன்னுடு. எனக்கு ஒருவாய் இறங்கல, நீ அதுக்கு ஊட்டிட்டு வர்ற. கொன்னுட்டுச் சொல்லு."

"சரிக்கா."

ஆய்வுக்கூடத்தில், கைக்காவலாக உறைய வைத்த குப்பிகளில் செல்கள் எதுவும் பிழைக்கவில்லை. மிச்சம் இந்த ஒரு குடுவைதான். செல்களைக் கொல்லும் பிளீச்சிங் திரவத்தின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கை நுண்ணோக்கியில் பார்த்தாள். செல்கள் கொழுகொழுவென்று, ஒரு குறையுமில்லாமல் இருந்தன. பாவி, நன்றாயிரு என்று வயிறெரிந்தாள். நாளை அக்காவில் உயிரோடு மிஞ்சப்போவது இதுதான் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. பிளீச்சிங் குப்பியின் மூடியைத் திரும்ப இறுக்கினாள்.

வேலை முடித்துக் கையுறையைக் கழற்றும்போது போன் வந்தது.

"கொன்னுட்டியாடி?"

"கொன்னுட்டேன்க்கா."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. "அப்பாடா. லேசாப் பசிக்கற மாதிரி இருக்குடி. அந்த சூப்பைச் சூடு பண்ணச் சொல்றேன்."

வளர்ப்புப் பெட்டியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், இப்போதுதான் விட்ட சிவப்பு ஊட்டத் திரவம் குடுவைக்குள் இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது.