வெண்கலத்துக்குள் இரும்பு

...ஆற்றில் மிதந்த அந்த மரக்கட்டை மட்டும் வந்து சுக்கானில் மோதாமல் இருந்திருந்தால்? நினைக்கும்போதெல்லாம் காப்ரியலுக்கு அந்தக் கட்டையைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும், போன ஞாயிறு மாதா கோயிலில் அதற்கென்றே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான், ரப்பர் ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர் ஒருவன் கட்டைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறான் என்று தெரிந்தால் சாமியாரே சிரித்திருப்பார்... ஆனால் சிரிக்கிற காலமா இது, மலாயாவில் அவசரகாலம், எது பழுதானாலும் கம்யூனிஸ்டுக்காரன் நாசவேலை என்கிறார்கள், பக்கத்துத் தோட்டத்தில் இயந்திரம் நின்றுபோனதற்கு இரண்டு பேரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், மூன்று மாதமாகிறது, திரும்பவில்லை. இங்கேயோ தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பாய்மரப் படகு, துரை உட்கார்ந்திருக்கும்போதே குவாலா சிலாங்கூர் ஆற்றுமுகத்தில் சுக்கான் கழன்று சேற்றில் போய்ச் செருகிக்கொண்டது. கடைசியாகச் சுக்கானைப் பழுதுபார்த்தது யார் என்று போலீஸ் கேட்டது, பார்த்தவன் காப்ரியல், ஆனால் அன்று சுக்கான் பிடித்த உடையப்பன்தான் முந்திக்கொண்டு, கட்டை மோதியது, நான்தான் பார்க்காமல் விட்டேன் என்றான். கவனமில்லாதவன் என்று துரை அவனைப் படகிலிருந்து இறக்கிப் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டார், பாவம், கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம்...

இன்று படகைக் கரையில் சாய்த்துப் பிடிக்க உடையப்பனையே அனுப்பியிருந்தார்கள். காப்ரியல் புது புஷ் வளையத்தைச் சுக்கான் தண்டில் மாட்டிப் பார்த்தான், நல்ல வெண்கலம், ஆடாமல் சுழன்றது. போல்ட்டு வாங்கப் போனபோது சீனக் கடைக்காரர் பளபளத்த பித்தளையைத் தள்ளிவைத்துவிட்டார், உப்புத் தண்ணீர் அதை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடுமாம், வெண்கலத்துக்கு வெண்கல போல்ட்டுதானாம், இரும்பைச் சேர்த்தால் இரும்பு ஆறு மாதம் தாங்காதாம்... அப்போதே நினைவுக்கு வந்தது, போன முறை போட்டது ஆலைப் பெட்டியிலிருந்து எடுத்த இரும்பு போல்ட்டு, தோட்டத்தில் எது உடைந்தாலும் அதுதானே, கிரீஸைத் தடவி முடுக்கு, அடுத்த வேலையைப் பார்... இருந்தாலும் கட்டை இருக்கிறதே, கட்டைதானே மோதியது? துளைக்குள் சிக்கியிருந்த பழைய போல்ட்டின் மிச்சத்தைத் தட்டி எடுத்தான், தீக்குச்சிக் கனம்கூட இல்லை. சுக்கான் பலகையைப் புரட்டினான், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்... ஒரு பள்ளம் இல்லை, ஒரு கீறல் இல்லை, பச்சைச் சாயம் அடித்தது அடித்தபடியே இருந்தது.

“கட்ட எந்தப் பக்கம்ணே மோதிச்சு?”

உடையப்பன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “மோதிச்சுலா. ஒனக்கு அஞ்சு புள்ளைங்க. பாத்து முடுக்கு.”

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள், தின்றது இவன், குடித்தது அவனா... வெண்கல போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான், நெஞ்சு கொள்ளவில்லை, இப்படி ஒரு மனுஷனா, கூடப்பிறந்தவன் செய்வானா இதை? அண்ணே, ஒங்களாலதான் எம் புள்ளைங்களோட ஒக்காந்து சோறு திங்கிறேன் என்று சொல்லிவிட வாயைத் திறந்தான், அப்போதுதான் உறைத்தது, நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் கட்டையே இல்லை என்று சொன்னதாகிவிடும், சொல்லாவிட்டால் உடையப்பன் நாளைக்கும் கவனமில்லாதவனாகவே புல் வெட்டுவான்... மேட்டில் துரையின் கார் வந்து நின்றது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது, காப்ரியல் நிமிரவில்லை, ஏற்கெனவே இறுகிவிட்ட போல்ட்டை இன்னும் முடுக்கிக்கொண்டிருந்தான்.