சிவப்புப் பொத்தான்

கொலம்பியாவின் மெதெயின் நகர மலைச்சரிவில் எங்கள் பேட்டைக்கு நகரும் படிக்கட்டு வந்த நாளில் எல்லோரும் கூத்தாடினோம். முந்நூறு படி ஏறிய முழங்கால்களுக்கு விடுதலை. ஆனால் பாதிவழியில் என் வாசலில் மூச்சு வாங்கி, கருப்புக் காபி குடித்து, கதை பேசியவர்கள் இப்போது கையசைத்தபடியே மேலே போய்விட்டார்கள். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் காபிப் பாத்திரத்தோடு போய் அவசரத்துக்குப் படிக்கட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

"அடிப்பாவி ரூபியேலா" என்று கத்தினார் தையற்காரர் எலியேசர்.

"கத்தாதீங்க, காபி ஆறிடும். உங்க மக கல்யாணம் என்னாச்சு?"

நின்றுபோன படிக்கட்டில் இருந்த இருபது பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். படியில் மேலேறி வந்த எலியேசர் அலறினார்: "சீக்கிரம் அமுக்கு, உன் வாசலைத் தாண்டிடப்போறேன். மாப்பிள்ளை ஓடின கதைய இன்னும் சொல்லவே இல்ல."