முப்பத்தொன்பது டொலர் உப்பு

என் ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தபோது, கல்முனையில் கேக் வாங்கி, பல்கலைக்கழகத்தில் எங்கள் மண்ணியல் துறை முழுவதற்கும் நானே வெட்டிக் கொடுத்தேன். எனக்கு நானே பொன்னாடை போர்த்தாததுதான் குறை.

கட்டுரை, நான் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் விவசாயி மக்கீனின் வயலைப் பற்றியது. உடைந்த மடைக்கதவு வழியாகக் கடலோரக் களப்பின் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறுகிறது. நான் கொடுத்த மீட்டரை வைத்து இரண்டு போகம், கிழமைக்கு இரண்டு தரம், உப்பை அளந்து கொப்பியில் எழுதித் தந்தவர் அவர்தான். நான் ஏசி அறையில் இருந்து வரைபடம் கீறினேன்.

ஒரு வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வந்தார்.

“சேர், திங்கக்கிழமை கமக்காரர் கூட்டம். என்ட கொப்பி செல்லாதாம். அச்சடிச்ச அத்தாட்சி இருந்தாத்தான் கதவ மாத்துவாங்களாம். இல்லாட்டி இந்தப் பெரும்போகமும் போச்சி. நம்மட கட்டுரையத் தாங்க.”

“அதுக்கென்ன காக்கா!” என்று வீறாப்பாக இணையத்தைத் திறந்தேன். என்னிடம் இருந்த பிரதி பழைய கணினியோடு சேர்ந்து மௌத்தாகியிருந்தது. திரையில் என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு பூட்டு. வாசிக்க முப்பத்தொன்பது டொலர்.

“நீங்க எழுதினதுக்கு உங்கள்ட்டயே காசா?”

“ரெண்டு வகை இரிக்கி காக்கா. ஒன்டுல எழுதினவன் காசு கட்டுவான், உலகமே சும்மா வாசிக்கும்.”

“கந்தூரிச் சோறு மாதிரி.”

“ஓம். அதுக்கு என்ட அஞ்சு மாசச் சம்பளம் கேட்டாங்க. மத்ததுல எழுதினவன் சும்மா குடுக்கணும், வாசிக்கிறவன் கட்டணும்.”

“அப்ப ஆக்கின சோத்தச் சட்டியோட கடைக்காரனுக்குக் குடுத்திட்டு, இப்ப பசிச்சி நிக்கிறீங்க.”

யா அல்லாஹ், கலாநிதிப் பட்டம் வாங்கிய எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது.

நானே கட்டியிருக்கலாம். கேக்குக்கே அதில் பாதி போனது. ஆனால் எழுதினவனே காசு கொடுத்து வாங்குவதா என்று ரோசம் வந்துவிட்டது. நோர்வேப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கும் நண்பனிடம் இறக்கித் தரச் சொல்லிக் கேட்டேன். அவர்களும் அந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டார்களாம்.

சனிக்கிழமை மக்கீன் காக்கா மகள் றஸ்னாவோடு வந்தார். கையில் அச்சடித்த கட்டுரை. இரண்டு மூட்டை நெல் விற்று, றஸ்னாவின் கார்ட்டால் கட்டினார்களாம். எனக்கு மூஞ்சி காந்தியது.

“இதுல என்ட பேர் எங்க மகள்?”

றஸ்னா கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்டினாள். மீட்டர் செய்த கம்பனியின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. முகம் தெரியாத மதிப்பீட்டாளர்கள் இருவருக்கும் நன்றி இருந்தது. மக்கீன் இல்லை. சத்தியமாக மறந்துதான் போனேன், அதுதான் இன்னும் கேவலம்.

மக்கீன் காக்கா தாள்களைத் திருப்பி ஓர் அட்டவணையில் விரலை வைத்தார்.

“உப்புக் கணக்கு இரிக்கா?”

“ஓம் வாப்பா. எல்லாம் நீங்க எழுதின நம்பர்தான்.”

“அப்ப எனக்கு அது காணும். கதவு வந்தாச் சரி.”

வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பினார்.

“சேர், உங்களுக்கும் ஒரு போட்டோக் கொப்பி எடுத்துத் தரவா? காசு வேணாம்.”

“தாங்க காக்கா” என்றேன். என்னிடம்தான் இல்லையே.