தலை மாற்றும் குழாய்

என் வீட்டுக்காரருக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும், குழாயைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். தண்ணீர்க் குழாய் இல்லை, புகைக்குழாய். தண்ணீர்க் குழாய் என் அண்ணனுடைய பிழைப்பு. "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு குழாய்க்காரங்களா?" என்று தெருவில் கேலி செய்வார்கள்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முன்னால் கடை, பின்னால் லென்ஸ் தேய்க்கிற மிஷின் போட்ட சின்ன அறை, மாடியில் நாங்கள். அந்தப் பின்னறைதான் அவர் புகை பிடிக்கிற இடம். ஜன்னலோரம் ஒரு கூண்டு தொங்கும், அதில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். பிறந்த இடத்தைவிட்டு இத்தனை தூரம் வந்தவளுக்குப் பகலில் பேச்சுத்துணை அதுகள்தான்.

குழாய் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தண்டு முழுக்க அலுமினியம், அதில் மீன் செவுள் மாதிரி வரிவரியாக வெட்டு. பல்லில் கடிக்கிற நுனி மட்டும் கறுப்பு பிளாஸ்டிக். புகையிலை அடைக்கிற மரக் கிண்ணம் தனி. அதன் அடியில் மரை இருக்கும், தண்டின் முனையில் வைத்துத் திருகிக்கொள்ள வேண்டும். அந்தக் கிண்ணத்துக்கு எங்கள் வீட்டில் பேர் தலை. அவரிடம் மூன்று தலைகள் இருந்தன. சிவப்பு, கறுப்பு, மொட்டை. மொட்டை என்றால் பாலிஷ் போடாதது.

"எல்லாருக்கும் ஒரு தலைதான், எனக்கு மூணு," என்பார்.

"மூணுலயும் உள்ள ஒண்ணுமில்லையே மாப்ளே," என்பான் அண்ணன்.

இருவரும் எலியும் பூனையும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவர் வாசலில் நின்று புகைத்ததை அண்ணன் பார்த்துவிட்டான். "இந்த ஆளு சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவான், வேணாம்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். கல்யாணம் நடந்தது. வார்த்தை மட்டும் போகவில்லை, நடுவில் உட்கார்ந்துகொண்டது. அண்ணனும் பிழைப்பு தேடி இதே ஊருக்கு வந்து அடுத்த தெருவில்தான் இருந்தான். கடையில் குழாய் உடைந்தாலும் இவர் வேறு ஆளைத்தான் கூப்பிடுவார்.

ஆனால் வம்பளப்பதற்கு மட்டும் இருவருக்கும் ஒருவரை ஒருவர் விட்டால் வேறு ஆள் கிடையாது.

"மரத் தண்டா இருந்தா ஒரு தடவ பிடிச்சிட்டு ஆறப் போடணும் மச்சான், ஈரம் காயணும். இதுல அந்தத் தொல்லையே இல்ல. ஒரு தலை ஆறட்டும், இன்னொரு தலையைத் திருகு, ஆச்சு. சூட்டை எல்லாம் அலுமினியம் வாங்கிக்கும், வாய்க்கு வர்ற புகை ஜில்லுனு வரும். ஒரு கம்பியை விட்டு இழுத்தா உள்ளாற பளபளன்னு ஆயிடும். பையில போட்டா கனமே தெரியாது."

"ஜில்லுனு ஆனா தண்ணி கோக்குமே. அடியில பாருங்க, கசாயம் மாதிரி நிக்குது. குளிர் நாள்ல தொட்டா விரல் விறைக்குது. முதல் இழுப்புல தகர வாடை. பார்க்கவும் ஏதோ ஆபரேஷன் சாமான் மாதிரி."

"உனக்குப் பொறாமை."

"பொறாமையா? தலை கொதிக்கக் கொதிக்கத் திருகி மாத்துறீங்க. மரை தேஞ்சிடும். எந்தக் குழாயா இருந்தா என்ன, சூட்டுல மரையைத் தொடக் கூடாது."

அண்ணன் சொன்னதுதான் நடந்தது. குளிர்காலம் தொடங்கியதும் சிவப்புத் தலை ஆட ஆரம்பித்தது. திருகினால் இறுகி நிற்காமல் சுற்றிக்கொண்டே போனது. பக்கவாட்டில் புகை கசிந்தது. அடியில் தேங்குகிற கறுப்புச் சாறு அவர் கட்டைவிரலில் வழிந்து, அந்த விரலால் எடுத்துக் கொடுத்த புதுக் கண்ணாடியில் கறை பட்டு, ஒரு வாடிக்கைக்காரர் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானம் அண்ணன் வந்தபோது அவர் வாயைத் திறந்து கேட்டுவிட்டார்.

"மச்சான், குழாய் லீக் ஆகுது. கொஞ்சம் பாக்குறியா?"

அந்த வார்த்தைதான். குழாய் லீக் என்று காதில் விழுந்ததும் அண்ணன் கை தானாகப் பைக்குள் போனது. அவன் தொழிலில் அதற்கு மருந்து ஒன்றுதான். வெள்ளை டேப். மரையில் இழுத்துச் சுற்றித் திருகினால் சொட்டுக்கூடக் கசியாது. உள்ளே ஓடுவது தண்ணீரா நெருப்பா என்று கை யோசிக்கவில்லை. சுற்றினான், திருகினான், நீட்டினான்.

"பிடிங்க மாப்ளே. இனி காத்துகூடத் தப்பாது."

அவர் பற்றவைத்து இழுத்தார். கசிவு இல்லை. "தொழில்காரன்னா தொழில்காரன்தான்யா," என்றார். அண்ணனை அவர் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. அண்ணனுக்கு முகமெல்லாம் பல். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் கூண்டுக்குத் துணி போர்த்தப் போனேன். ஆண் பறவை அடித் தட்டில் கால் விறைத்துக் கிடந்தது. பெண் பறவை கம்பியைக் காலால் பற்றிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் கையில் எடுத்தபோது அதுவும் அடங்கிவிட்டது.

"குளிர் தாங்கலை போல," என்றார் அவர். சொல்லும்போதே அவர் பல் தந்தியடித்தது.

அன்று அவருக்கு வந்த ஜுரம் சாதாரண ஜுரம் மாதிரி இல்லை. போர்வை மேல் போர்வை போட்டும் உடம்பு தூக்கிப் போட்டது. "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்காங்க, இறங்கச் சொல்லு," என்றார். வேர்த்துக் கொட்டியது. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து பல் துலக்கினார். பக்கத்து டாக்டர் நாக்கைப் பார்த்து, முதுகைத் தட்டி, "ஊரெல்லாம் இந்தச் சளிக் காய்ச்சல்தான்" என்று மாத்திரை கொடுத்தார்.

உடம்பு தேறியதும் அவர் திரும்பச் சிவப்புத் தலையைப் பிடித்தார். அன்று சாயங்காலமே ஜுரம் திரும்பியது, இந்த முறை வறட்டு இருமலோடு. எனக்கு நெஞ்சில் ஏதோ நெருடியது. அவருக்கும் நெருடியது. ஆனால் அவர் கை நீட்டியது தப்பான இடத்தில்.

"இந்தத் தலைதான் சனியன். உள்ள கரி ஏறி அழுகிப் போயிருக்கு." சிவப்பைக் குப்பையில் எறிந்தார். "பாத்தியா, இதான் இந்தக் குழாயோட சௌகரியம். வேற குழாயா இருந்தா மொத்தமா போயிருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க. எனக்குத் தலையே போனாலும் ஆள் இருப்பேன்."

"அந்தப் பேச்சை விடுங்க."

"சிரிடி கொஞ்சம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்டின் மரையும் தேய்ந்திருந்ததால் மற்ற இரண்டு தலைகளும் ஆடின. அவர் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். அண்ணன் ஆசையாக ஓடிவந்தான். இரண்டு தலைக்கும் வெள்ளை டேப்பை முன்பைவிடத் தாராளமாக, பட்டையாகச் சுற்றினான். உறவு ஒட்டியதே என்ற சந்தோஷத்தில் சுற்றினான்.

"இருமல் நிக்கட்டும், அப்புறம் பத்த வைக்கலாம்," என்று நான் கெஞ்சியதற்கு அவர் தலையாட்டினார்.

கூண்டு காலியாக ஆடுவதைப் பார்க்கப் பிடிக்காமல், வேறு ஒரு ஜோடி வாங்கலாம் என்று கடைத்தெருவுக்குப் போனேன். பறவைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பழைய ஜோடி என்னம்மா ஆச்சு?"

"ஒரே சாயங்காலத்துல ரெண்டும் போச்சுங்க."

தானியம் அள்ளிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "ரெண்டுமா? வாயத் திறந்து மூச்சுக்குத் தவிச்சுதா?"

"ஆமா."

"நான்ஸ்டிக் சட்டியைக் காலியா அடுப்புல வெச்சிட்டு மறந்துட்டீங்களா?"

"எங்க வீட்டுல அந்தச் சட்டியே கிடையாதுங்க."

"அப்ப அந்த மாதிரி வேற ஏதோ காஞ்சிருக்கு. அந்தப் பூச்சு எரிஞ்சா பெரிசா வாடைகூட வராது. பறவை பொத்துனு விழும். மனுஷனுக்கு உடனே தெரியாது, சில மணி நேரம் கழிச்சு குளிர் ஜுரம் தூக்கிப் போடும். என் வீட்டுல பட்டிருக்கோம்மா." கூண்டுகளுக்கு முன்னால் வந்து குறுக்கே நின்றுகொண்டார். "அது என்னன்னு முதல்ல கண்டுபிடிங்க. அதுவரைக்கும் உங்களுக்குப் பறவை தர மாட்டேன், கோவிச்சுக்காதீங்க."

அவருக்கு இரண்டு தடவையும் வந்தது குளிர் ஜுரம்தான். திரும்புகிற வழியில் ஒரு புதுக் கட்டடத்தில் அண்ணன் வாஷ்பேசின் மாட்டிக்கொண்டிருந்தான். நேராக உள்ளே போனேன்.

"அண்ணே, நான்ஸ்டிக் சட்டியில பூசுறாங்களே, அது வேற எதுல இருக்கும்?"

"ஏன், கடைக்காரன் ஏமாத்திட்டானா?" படுத்தபடியே சிரித்தான். "நம்ம டேப்புலயே இருக்கு. அதே சரக்குதான். வழுவழுன்னு இருக்குல்ல, அதனாலதான் மரையில..."

பேசினுக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்ளே எங்க?"

"கடையில."

"இருமல்?"

"காலையில நின்னுடுச்சு."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஓடினோம். அண்ணன் செருப்பைக்கூடப் போடவில்லை.

கடையில் ஆள் இல்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. குளிருக்காக ஜன்னலையும் இழுத்துச் சாத்தியிருந்தார். திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. அவர் ஒரு கண்ணாடி பிரேமைத் துடைத்துக்கொண்டு, வாயில் குழாயோடு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் கறுப்புத் தலை சாம்பலோடு ஆறிக்கொண்டிருந்தது. தண்டில் மொட்டை.

"வா மச்சான்! ஒரு சொட்டு கசியல. கறுப்பு முடிஞ்சு மொட்டை ஓடுது."

அண்ணன் குழாயைப் பிடுங்கினான். கொதிக்கிற தலையை வெறும் கையால் திருகினான், தோல் பொசுங்குகிற வாடை வந்தது, விடவில்லை. நான் ஜன்னலைத் திறந்தேன்.

"ஏய், சூட்டுல தொடக் கூடாதுன்னு நீதானடா சொன்னே!"

அண்ணன் மரையை வெளிச்சத்தில் காட்டினான். வெளிப்பக்கம் டேப் வெள்ளையாக இருந்தது. நெருப்புப் பக்கம் பழுப்பாகச் சுருண்டு, நுனி காணாமல் போயிருந்தது.

"நான் சுத்துனதுல பாதி இல்ல மாப்ளே."

"எங்க போச்சு?"

"உங்களுக்குள்ள."

அவர் என்னைப் பார்த்தார். நான் பறவைக்காரர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுவிட்டு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து விட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே. நல்லாத்தானே இருக்கேன்."

"அப்பவும் மத்தியானம் நல்லாத்தான் இருந்தீங்க," என்றேன்.

"கிளம்புங்க மாப்ளே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். போன தடவ ஒரு தலை, கொஞ்சம் டேப்பு. இப்ப ரெண்டு தலை. நான்... நிறைய சுத்திட்டேன்."

அவர் அண்ணனையே உற்றுப் பார்த்தார். "சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவான்னு அன்னிக்குச் சொன்னே. சொன்னதோட நிக்காம செஞ்சும் காட்டிட்டியா?" கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் வேறு மாதிரி இருந்தது. அண்ணன் அழுதுவிட்டான். அதைப் பார்த்த பிறகுதான் அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளவயசு டாக்டர். அண்ணன் முந்திக்கொண்டான்.

"குழாய்ல விஷம் டாக்டர்."

"எந்தத் தெருக் குழாய்? வேற யாராவது அந்தத் தண்ணியக் குடிச்சாங்களா? வாந்தி இருக்கா?"

"தண்ணி இல்ல டாக்டர், குழாய்!"

"அதான் கேக்கறேன், எந்தக் குழாய்?" டாக்டர் இவர் வயிற்றை அமுக்கிப் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் வயிறு கழுவுகிற சாமானை எடுக்கப் போனாள். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தவர் இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று.

நான் பையிலிருந்து குழாயை எடுத்து மேஜை மேல் வைத்தேன். கழற்றியிருந்த தலையைத் திருப்பிக் கருகிய டேப்பைக் காட்டி, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். டாக்டர் அதை மூக்கருகே கொண்டுபோகப் போய், சட்டென்று கீழே வைத்தார். நர்ஸைக் கூப்பிட்டார், பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். இவர் முகத்தில் மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள்.

"இப்ப நல்லா இருக்காரே டாக்டர்," என்றேன். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

"இனிமேதாம்மா ஆரம்பிக்கும். நுரையீரல்ல தண்ணி கோக்கலைன்னா தப்பிச்சுக்கலாம். கோத்தா..." கட்டிலைக் காட்டினார். "கிட்ட இருங்க. உதடு நிறம் மாறினா உடனே கத்துங்க."

நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

"மச்சான், குழாய் மேல தப்பில்ல. தண்டு நல்ல தண்டு."

"பேசாதீங்க மாப்ளே."

"உன் மேலயும் தப்பில்லடா. லீக்குன்னு சொன்னது நான்தானே."

நர்ஸ் வந்து அதட்டி மாஸ்க்கை மறுபடி மாட்டினாள். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கை என் கைக்குள் இருந்தது, அதுவரை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. முதலில் விரல் நுனி குளிர்ந்தது. பிறகு தோள் ஒருதரம் குலுங்கியது. என்னைப் பார்த்தார், நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். இன்னொன்று கொண்டுவந்து போட்டார்கள். அப்படியும் இரும்புக் கட்டில் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அண்ணன் சட்டென்று தரையில் உட்கார்ந்து, சுட்ட கையோடு கட்டில் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், பிடித்தால் நின்றுவிடும் என்பது போல.