வேலாங்குளம் டவுனான வருஷம்

வேலாங்குளத்தை டவுன் பஞ்சாயத்து ஆக்கிவிட வேண்டும் என்று பிரசிடெண்ட் நல்லகாமனுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசைக்கென்ன, யாருக்கும் வரும். ஆனால் டவுன் என்றால் ஐயாயிரம் தலையாவது வேண்டும் என்றது சட்டம். திருப்பரங்குன்றம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவனையெல்லாம் சேர்த்து எண்ணினாலும் ஊருக்குள் அத்தனை தலை தேறவில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த காலனியையும் சேர்த்தால் தேறும். அது அடுத்த பஞ்சாயத்தில் இருந்தது. அதுவரை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவர்களுக்குத் திடீரென்று காலனிமேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒரு நாள் காலையில் நல்லகாமன் காலனிக்கே வந்து மருதுவின் வாசலில் நின்றான். மருது கூலிக்காரர்தான், ஆனாலும் காலனியில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

"மருதண்ணே, இருக்கீகளா?"

மருதுவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அந்த வாயிலிருந்து "டேய் மருது" என்று மட்டுமே கேட்டுப் பழகிய காது அது.

"நாங்களும் உங்களோட சேர்றோம்னு எல்லாரும் கைநாட்டு வச்சுக் குடுங்கண்ணே. டவுனாயிருச்சுன்னா ஆஸ்பத்திரி வரும், தெருவெளக்கு வரும்."

"அதெல்லாம் மெதுவா வரட்டும்யா. எங்களுக்குப் பொணம் போற பாதை வேணும்."

மயானம் ஊருக்கு மேற்கே, கண்மாய்க் கரையில் இருந்தது. கடைவீதி வழியாகப் போனால் நேரே தார் ரோடு. காலனிப் பிணம் அதில் போகக் கூடாது. வயல் வரப்பில் சுற்றித்தான் போக வேண்டும். ஒற்றை ஆள் நடக்கிற வரப்பில் நாலு பேர் தூக்குகிற பாடை எப்படிப் போகும்? தூக்குகிறவர்கள் சேற்றில் இறங்குவார்கள். மருதுவின் பெண்டாட்டி மலையம்மாளின் அப்பன் செத்தது அடைமழைக் காலம். பாடை சரிந்து, அந்த மனிதர் தன் கையால் நாற்று நட்ட வயலிலேயே குப்புற விழுந்தார். வாய்க்கால் கரையில் நின்று மலையம்மாள் அதைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. "என்னைய மட்டும் சேத்துல போட்டுறாதீக. ரோட்டுல தூக்கிட்டுப் போங்க" என்பாள்.

"இம்புட்டுத்தானா? ஒரே டவுனுன்னு ஆனபெறகு ஒங்க ரோடு எங்க ரோடுன்னு உண்டாண்ணே? தாராளமாப் போங்க" என்றான் நல்லகாமன்.

அவன் போனதும் மலையம்மாள் வெளியே வந்தாள். "சும்மா வாயில சொன்னா ஆச்சா? கருப்பு கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க. ஆறு கடக்குற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்துட்டா நீ யாரோ நான் யாரோ."

கருப்பு முன்னால் சூடம் அணைத்துக் கொடுத்த வாக்கை அந்தப் பக்கத்தில் எவனும் மீற மாட்டான். குலம் நாசமாகிவிடும் என்ற பயம்.

"அண்ணேன்னு வாய் நெறையக் கூப்புடுற மனுசன்கிட்டப் போயி, சூடத்த அணைன்னு எப்பிடிப் புள்ள கேக்குறது?"

மருது சத்தியம் கேட்கவில்லை. அந்த ஒரு 'அண்ணே'யில் விழுந்துவிட்டார், பாவி மனிதர்.

மதுரையிலிருந்து ஜீப்பில் ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். "எல்லாரும் ஒரே ஊரா இருப்பீங்களா? பின்னாடி தகராறுன்னு வந்து நிக்கக் கூடாது" என்று மருதுவைப் பார்த்தே கேட்டார்.

"ஒரே ஊருதான்யா" என்றார் மருது, எல்லாருக்கும் கேட்கும்படி. நல்லகாமன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டான்.

உத்தரவு வந்தது. வேட்டுப் போட்டார்கள், காலனிக்கும் மிட்டாய் வந்தது. 'வேலாங்குளம் பேரூராட்சி' என்ற போர்டைக் காலனி ஓரத்தில்தான் நட்டார்கள், டவுன் அங்கேதானே ஆரம்பிக்கிறது! ஆஸ்பத்திரி மட்டும் வரவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு மலையம்மாள் செத்துப்போனாள்.

மருது பாடையைத் தார் ரோட்டில் ஏற்றச் சொன்னார். கடைவீதி முனையில் கம்போடு ஒரு கூட்டம் மறித்தது. நல்லகாமன் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"டேய் மருது, என்னடா புதுப் பழக்கம்?"

"நீங்கதானய்யா தாராளமாப் போங்கன்னு சொன்னீக."

"டவுனானது கவர்மெண்டுக்குடா. ஊருக்குன்னு ஒரு வழக்கம் இருக்குல்ல? வயப்பக்கமாத் திருப்பு."

"தலைய எண்ணும்போது ஒரே ஊரு, தூக்கிட்டுப் போகும்போது வேற ஊராய்யா?"

கம்புகள் உயர்ந்தன. காலனி இளவட்டங்கள் பாடையை இறக்கிவிட்டு மோதத் தயாரானார்கள். இன்னொரு உயிர் போனால் அதையும் சேற்றில்தானே தூக்க வேண்டும் என்று மருது குறுக்கே கையை நீட்டி அவர்களைத் தடுத்தார்.

"திருப்புங்கப்பா" என்றார்.

வயலில் முழங்கால் வரை தண்ணீர். வரப்பு திரும்புகிற இடத்தில் முன்னால் போனவனுக்குக் கால் வழுக்கியது. எல்லாரும் "ஐயோ" என்று அலறுவதற்குள் மலையம்மாள் சேற்றில் கிடந்தாள், அவள் அப்பன் கிடந்த மாதிரியே.

மருது உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டு முழுக்கச் சேறானதும், உள்ளங்கையில் மழைத்தண்ணீரைப் பிடித்துப் பிடித்துக் கழுவினார்.

"ஒரே ஊருன்னு நான்தான புள்ள சொன்னேன்" என்றார். "அந்தச் சூடத்தக் கேட்டிருக்கலாம் புள்ள. கேட்டிருக்கலாம்."