அண்ணிக்குத் தெரியாமல்

நன்னிலம் கடைத்தெருவில் மதிவதனியின் உரக்கடைக்கு வருகிறவர்கள் உரம் வாங்க மட்டும் வருவதில்லை. விவசாயப் பட்டம் படித்தவள், எதையும் பூசி மெழுகத் தெரியாதவள் என்று பெயர். இலையைப் பார்த்த மாத்திரத்தில் என்ன நோய் என்று சொல்லிவிடுவாள். யாராவது புதிதாக ஒன்று செய்யப்போவதாகச் சொன்னால், "அதெல்லாம் சரிப்படாதுங்க" என்று ஆரம்பித்து, ஏன் சரிப்படாது என்பதையும் விளக்கிவிடுவாள். பெரும்பாலும் அவள் சொன்னபடியே நடக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனி மாதம், குறுவை நடவு மும்முரமாக இருந்த நேரம். நடவு மெஷின்களை வாடகைக்கு விடும் ஹபீப் முகம்மது களைக்கொல்லி வாங்க வந்தார்.

"உங்க நாத்தனா நல்லா தேறிடுச்சும்மா. எங்க ஆளுங்களவிட நேரா ஓட்டுது."

"எத ஓட்டுறா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவள் கணவன் சேரனின் தங்கை இசைவாணி, திருப்பூர் பனியன் கம்பெனியை விட்டு ஊர் திரும்பியவள், கொஞ்ச நாளாக நடவு மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். குத்தகைக்கு நிலமும் பிடித்துவிட்டாள். மறுநாள் காலை முதல் நடவு.

வீட்டுக்கு வந்ததும் மதிவதனி சேரனைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஏங்க சொல்லல?"

"நட்டு முடிச்சிட்டு சொல்லலாம்னு வாணி இருந்துச்சு."

"அதான் ஏன்?"

சேரன் கொஞ்சம் தயங்கினான். "நீ வேணாம்னு சொல்லுவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வாணி நெனைக்கும். அப்பறம் அதுக்குக் கை ஓடாது."

மதிவதனிக்குக் கோபம் வரவில்லை. கொல்லைப் பக்கம் போய் நின்று யோசித்துப் பார்த்தாள். தோழி வீடு கட்டியதே கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தபோதுதான் அவளுக்குத் தெரியும். நோய் கண்ட இலைகளைத் தயங்காமல் அவளிடம் கொண்டுவந்தவர்கள், ஆசைகளை மட்டும் அவள் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள்.

தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பாராட்ட அவளால் முடியாது. அப்படிப் பாராட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஒருவர் ஒன்றைச் செய்ய நினைத்தால் அது நடக்க என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும், குறை அதற்குப் பிறகு. பூச்சியைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவளுக்குத் தன் நாக்கைக் கட்டுப்படுத்தவா தெரியாது?

காலையில் கடையைத் திறக்காமல் நேரே வயலுக்குப் போனாள். அவளைக் கண்டதும் இசைவாணியின் முகம் சுண்டிப்போனது. இரவில் வாய்க்கால் தண்ணீர் ஏறியிருந்தது. மெஷின் நட்டுவிட்டுப் போன நாற்று அங்கங்கே மிதந்துகொண்டிருந்தது. வரப்பில் நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

'இவ்வளவு தண்ணியில யாராச்சும் நடுவாங்களா' என்பது மதிவதனியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"வாணி, இப்ப உனக்கு என்ன வேணும்?"

"என்ன அண்ணி?"

"இது நடக்கணும்னா என்ன வேணும்னு கேக்குறேன்."

இசைவாணி நம்பாமல் பார்த்தாள். பிறகு மளமளவென்று சொன்னாள். "தண்ணிய வடிச்சா போதும் அண்ணி. கீழ்வயல் வழியாத்தான் வடியும். வீரையன் ஐயா விடுவாரோ என்னவோ, கேக்க பயமா இருக்கு."

"அத நான் பாத்துக்குறேன்."

வீரையன் அவள் கடையில் வாடிக்கை. போனில் விஷயத்தைச் சொன்னதும், "நீங்க சொன்னா சரிம்மா, வெட்டி விடுங்க" என்றார். தன் வார்த்தைக்கு இருந்த மதிப்பை இத்தனை நாளும் தடை போடவே செலவழித்திருக்கிறோம் என்று மதிவதனிக்குத் தோன்றியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பை வெட்ட அவளும் இறங்கினாள்.

தண்ணீர் வடிந்து, சேறு தெரிகிற அளவுக்கு வர மதியமாகிவிட்டது. "அந்த மூலை பள்ளம், மெஷின் அழுந்திரும். அங்க மட்டும் கையால நட்டுடுவோம்" என்றாள் மதிவதனி. இசைவாணி தலையாட்டிவிட்டு மெஷினைக் கிளப்பினாள். பொழுது சாய்வதற்குள் வயல் நிறைந்துவிட்டது.

"ஒரு பக்கம் கோணலா இருக்குல்ல அண்ணி?"

"இருக்கு. அடுத்த வயல்ல நேராயிடும்."

இசைவாணி சிரித்துவிட்டாள்.

அந்தத் தெம்பில் மறுநாள் மதிவதனி அம்சவல்லி வீட்டுக்குப் போனாள். மெஷின் நடவுக்கான நாற்றைத் தட்டுகளில் வளர்த்து விற்கலாமா என்று போன வருஷம் கேட்டவள் அவள். வழக்கம்போல் சரிப்படாது என்று மதிவதனி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, நாத்து விஷயம். அத இப்ப மறுபடியும் பாப்போமா?"

அம்சவல்லி அவளைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே தட்டுத் தட்டாக நாற்று பச்சைப் பசேலென்று நின்றது.

"நீங்க வேணாம்னு சொன்ன வாரமே தட்டு வாங்கிட்டேன். தெரிஞ்சா திட்டுவீங்கன்னு சொல்லல."

மதிவதனி வாய்விட்டுச் சிரித்தாள். தான் சொல்லித்தான் ஊர் நடக்கிறது என்ற நினைப்பு போனதில் அவளுக்கு ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. குனிந்து ஒரு தட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"வேர் நல்லா பின்னியிருக்குக்கா. ஓரத்துல மட்டும் மஞ்சளடிக்குது, யூரியா கரைச்சுத் தெளிச்சா பச்ச புடிச்சிடும். யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"அதான் ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். வளக்கத் தெரிஞ்ச அளவுக்கு விக்கத் தெரியலயே."

மதிவதனி போனை எடுத்தாள். "வாணி, அடுத்த வயலுக்கு நாத்து பாத்துட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி. அத உங்ககிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன்."

"அம்சவல்லியக்கா வீட்டுக்கு வா. மெஷின்காரரயும் கூட்டிக்கிட்டு வா."

ஹபீப் முகம்மதின் வண்டி வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் தட்டுகளுக்கு நடுவே நின்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எந்த ஊரில் எப்போது நடவு, எத்தனை தட்டு வேண்டியிருக்கும் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மதிவதனி மஞ்சளடித்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தெளிப்பதற்கு வாகாக நிழலோரம் நகர்த்தி வைக்கத் தொடங்கினாள்.