நாலு வண்டிகளில் ஒன்று

கரீமுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேலை செய்யும்போது கழற்றிய சின்னச் சாமான்களையெல்லாம் வாயில் கவ்விக்கொள்வான். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவனுடைய டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் தரையில் வைத்த நட்டு மண்ணோடு போய்விடும், வாயில் வைத்தது எங்கேயும் போகாது என்பது அவன் நியாயம். மனைவி ஷகிலா கல்யாணமான நாளிலிருந்து திட்டிக்கொண்டுதான் இருந்தாள். "ஒரு நாளைக்கு முழுங்கிட்டு வந்து நிக்கப்போறீங்க, நான் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடறது?" என்பாள். அவன் நட்டை நாக்கால் ஒதுக்கிக்கொண்டே சிரிப்பான்.

எண்பத்தாறாம் வருஷம் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அந்தப் பழக்கம் அவனை மாட்டிவிட்டது.

பாலக்கோட்டுக்கு மேற்கே ஓர் ஏரி அந்த வருஷம் சுத்தமாக வறண்டு கிடந்தது. ஓசூரில் மோட்டார் சைக்கிள் கிளப் நடத்திக்கொண்டிருந்த சவுரியப்பன் அதற்குள் ஒரு வளையப் பாதை போட்டிருந்தார். பந்தயம் இல்லை, பரிசு இல்லை. வண்டி வைத்திருப்பவன் எவனும் வந்து ஒரு நாள் பூராவும் ஆசை தீரச் சுற்றலாம். பாதைக்கு எல்லை காட்ட, சந்தையிலிருந்து வாங்கி வந்த தக்காளிக் கூடைகளைக் கவிழ்த்துச் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தார்கள். போன வருஷம் இருபது வண்டி வந்ததாம். இந்த வருஷம் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் என்று வண்டிகள் வந்து குவிந்துவிட்டன. வேடிக்கை பார்க்கச் சுற்றுப்பட்டு ஊரே டிராக்டர் கட்டிக்கொண்டு வந்து, கூடைகளைத் தாண்டிப் பாதைக்குள் காலை நீட்டி உட்கார்ந்தது.

ஒரு தடவைக்குப் பதினைந்து வண்டிதான், புதுசாக ஓட்டுகிறவர்கள் தனி, பழகியவர்கள் தனி என்று சவுரியப்பன் காலையில் மைக்கில் சொன்னார். நல்ல சட்டம்தான். பதினோரு மணி வரைக்கும் உயிரோடு இருந்தது. அதற்கப்புறம், எனக்கு முறை வரவில்லை, நான் பெங்களூரிலிருந்து வந்தேன் என்று ஆளாளுக்குக் கத்த, முட்டி மோதிக்கொண்டு எல்லாரும் உள்ளே போக ஆரம்பித்தார்கள். வளைவில் ஒருத்தன் விழுந்தான். கொடி பிடித்தவன் பதறிப்போய்ச் சிவப்புத் துணியைக் காட்டினான். முன்னால் வந்தவர்கள் பிரேக் போட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்குப் புழுதியில் துணியும் தெரியவில்லை, முன்னால் நின்ற வண்டியும் தெரியவில்லை. மூன்று வண்டி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரு பையனுக்குத் தோள்பட்டை எலும்பு போயிற்று. சவுரியப்பனின் வேன் அவனைத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள், வளையத்தில் வண்டிகள் மறுபடி சுற்றத் தொடங்கியிருந்தன.

கரீம் அங்கே போனது ஷகிலாவின் தம்பி அக்பர் அலிக்காக. தாயில்லாத பிள்ளை. அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். இருபது வயதாகியும் அவளுக்கு அவன் இன்னும் இடுப்பில்தான் இருந்தான். காலையில் வாசலில் நின்று சொன்னாள்: "நீங்க கூடப் போறீங்கன்னுதான் அவன விடறேன். எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே வூட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க." கரீம் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் எவ்வளவு பாரம் என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

ஏரிக்குள் வேலிக்காத்தான் முள் எங்கும் சிதறிக் கிடந்தது. மெக்கானிக் ஒருத்தன் வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் பஞ்சர் வண்டிகள் கரீமைச் சூழ்ந்துகொண்டன. சாயங்காலம் கடைசிச் சுற்றுக்கு மைக்கில் கூப்பிட்டபோது, அவன் முன்னால் நாலு வண்டிகள் பின்சக்கரம் இல்லாமல் நின்றன. அக்பர் அலியின் ராஜ்தூத். அவனுடைய சிநேகிதன் முனிராஜின் யெஸ்டி. முனிராஜ் பாலக்கோட்டுக் கரும்பு விவசாயி மகன், வாயைத் திறந்தால் கேலிதான். மற்ற இரண்டும் பெங்களூர்ப் பையன்களுடையவை.

"அண்ணா, என்னுது ஸ்வல்ப சீக்கிரம் பாருங்கண்ணா!" என்றான் ஒரு பெங்களூர்ப் பையன், கன்னடமும் தமிழுமாக.

"மச்சான், கூப்புடறாங்க மச்சான்!"

நாலு பேரும் தலைமேல் நின்று பிடுங்கியதில், கரீம் ஒன்றை முடித்து இன்னொன்றைத் தொடாமல் நாலையும் ஒன்றாகப் போட்டு உருட்டினான். ட்யூபை ஒட்டினான், சக்கரத்தை மாட்டினான், நட்டை முறுக்கினான். நாலு வண்டியும் உதைத்துக் கிளம்பி, மற்ற வண்டிகளோடு கூட்டத்தில் கலந்தன. எப்படியும் நாற்பது இருக்கும்.

மோர் விற்ற கோவிந்தம்மாள், "நாளெல்லாம் பச்சத் தண்ணி குடிக்காம கெடக்கறியே சாமி, இந்தா" என்று ஒரு டம்ளரை நீட்டினாள். கரீம் அதை வாயில் வைத்தான். டம்ளரின் விளிம்பில் ஏதோ 'டிங்'கென்று இடித்தது.

உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான். ஒரு ஸ்ப்ளிட் பின்.

விரல் நீளம்கூட இல்லாத இரட்டைக் கால் கம்பி அது. பின்சக்கரத்து அச்சின் நட்டை முறுக்கியபின் ஒரு ஓட்டை வழியாக அதைச் செருகி, கால்களை மடக்கிவிடுவார்கள். அதிர்ச்சியில் நட்டு திரும்பிக் கழன்றுவிடாமல் தடுப்பது அந்தக் கம்பிதான். அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். நன்றாகவே ஓடும். ஒவ்வொரு குழியிலும் நட்டு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, ஏதோ ஒரு வளைவில் சக்கரம் தன் இடத்தை விட்டு விலகும் வரைக்கும்.

கரீம் விரல் விட்டு எண்ணினான். நாலு கம்பி கழற்றினான், நாலையும் வாயில் வைத்தான். எத்தனையைத் திரும்பச் செருகினான்? குறட்டால் கால்களை மடக்கிய ஞாபகம் கையில் இருந்தது. எந்த வண்டியில் என்று கைக்குத் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க எல்லா வண்டியிலும் செருகியது போலவும், ஒன்றில்கூடச் செருகாதது போலவும் இருந்தது. மோரை அப்படியே வைத்துவிட்டு மைக் இருந்த பந்தலுக்கு ஓடினான்.

"சார், நிறுத்துங்க சார். ஒரு வண்டியில நட்டு கழண்டுக்கும்."

"எந்த வண்டி?" என்றார் சவுரியப்பன்.

"தெரியலைங்க. நாலுல ஒண்ணு."

சவுரியப்பன் கெட்டவர் இல்லை. அவர் முகமும் காலையிலிருந்து வெளிறித்தான் கிடந்தது. "காலையில நீங்களும்தானே பாத்தீங்க? இப்ப செவப்புத் துணியக் காட்டுனா நாப்பது வண்டியும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறும். யார் பொறுப்பு? இன்னும் அஞ்சாறு ரவுண்டு. தானா முடிஞ்சிடும். அதுவரைக்கும் நட்டு நிக்கட்டும்னு வேண்டிக்குங்க."

அவர் சொன்னதும் சரிதான். அதுதான் கரீமை இன்னும் பயமுறுத்தியது.

ஏரிக்கரையை ஒட்டிய வளைவில் வண்டிகள் வேகம் குறையும். நாலு வண்டியையும் ஒவ்வொன்றாகக் கைகாட்டி ஓரங்கட்டிவிடலாம் என்று சொல்லிக்கொண்டு கரீம் அங்கே ஓடினான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். புழுதி முகத்தில் அடித்தது. புல்லட்டும் மொபெட்டும் பக்கத்தில் பக்கத்தில், கைப்பிடி கைப்பிடியில் உரச வந்தன. வேகமாக வந்தவன் மெதுவாகப் போனவனைச் சுற்றி ஒடித்து, கூட்டத்தின் கால்மாட்டில் உரசிக்கொண்டு போனான். நாலில் ஒன்றான பெங்களூர் வண்டி கரீமின் முன்னாலேயே போயிற்று. கரீமின் கை எழவில்லை. இவனை நிறுத்தப்போய் அக்பர் அலியை விட்டுவிட்டால்? இன்னொரு பெங்களூர் வண்டியும் போயிற்று. அதற்கும் கை எழவில்லை. அவன் கண் அக்பர் அலியின் மஞ்சள் ஹெல்மெட்டை மட்டும் தேடிக்கொண்டிருந்தது.

மஞ்சள் ஹெல்மெட் வந்தது. கரீம் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, தக்காளிக் கூடையைத் தாண்டி உள்ளே குதித்தான். அக்பர் அலி அவனைப் பார்த்துவிட்டு வண்டியை வெளியே ஒடித்து நிறுத்தினான்.

கரீம் மண்ணில் முழங்காலிட்டுப் பின்சக்கரத்தைப் பார்த்தான். கம்பி இருந்தது. கால்கள் ஒழுங்காக மடங்கியிருந்தன.

"யா அல்லா" என்று மைத்துனனின் காலையே கட்டிக்கொண்டான். உடம்பெல்லாம் லேசானது. ஷகிலாவிடம் இவனை முழுசாகக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடலாம். மற்ற மூன்று பேரின் நினைப்பே அந்த நேரம் அவனுக்கு வரவில்லை.

"என்ன மச்சான், வண்டி நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?"

கரீம் கையை விரித்துக் காட்டினான். சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது. "இது என் வாயில இருந்துச்சுடா. உன்னுதோன்னு பயந்துட்டேன். உன்னுது இல்ல."

அக்பர் அலி கம்பியைப் பார்த்தான். பிறகு பாதையைப் பார்த்தான். "அப்ப முனிராஜுதா?"

"தெரியல. மூணுல ஒண்ணு."

"அவன்தான் மச்சான் இருக்கறதுலேயே வேகமாப் போறான்!"

சொல்லும்போதே காலால் உதைத்து வண்டியைக் கிளப்பிவிட்டான். "போவாதடா! டேய், அக்கா என்னக் கொன்னுடுவாடா!" என்று கரீம் கேரியரைப் பிடித்தான். "கையக் காட்டி நிறுத்திட்டு வந்துடறேன், விடுங்க" என்றான் அக்பர் அலி. கேரியர் கரீமின் கையிலிருந்து நழுவியது. கையிலிருந்த பிள்ளையைத் தானே வாயைத் திறந்து தொலைத்தோம் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த சுற்றில் இருவரும் ஒன்றாக வந்தார்கள். மஞ்சள் ஹெல்மெட் கூட்டத்துக்குள் நெளிந்து நெளிந்து முனிராஜின் பக்கத்தில் வந்து சேர்ந்தது. அக்பர் அலி ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே, இன்னொரு கையை நீட்டி முனிராஜின் பின்சக்கரத்தைக் காட்டிக் காட்டிக் கத்தினான். சத்தம் யாருக்குக் கேட்கும்? முனிராஜ் திரும்பிப் பார்த்தான். பின்னால் கையைக் காட்டினால் அவனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: நீ எனக்குப் பின்னால்தான் வரணும். பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினான். அக்பர் அலியும் விடாமல் பக்கத்தில் அணைத்து ஓட்டினான். சரியான போட்டி என்று கூட்டம் எழுந்து துண்டைச் சுழற்றி ஆர்ப்பரித்தது.

"போட்டி இல்ல! அது போட்டி இல்ல!" என்று கரீம் கத்தினான்.

இரண்டு வண்டிகளும் ஒன்றாகக் கிழக்கு வளைவுக்குள் போயின. புழுதி மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் இஞ்சின் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாளெல்லாம் காதடைத்த ஏரி அமைதியானது.

ஓடினான். கரீமுக்கு முன்னால் கூட்டமே ஓடியது. ஆட்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது முனிராஜின் யெஸ்டி. பக்கவாட்டில் கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரம் விலகாமல் தன் இடத்தில்தான் இருந்தது. கம்பியும் இருந்தது.

முனிராஜ் சட்டை கிழிந்து, முழங்கை சிராய்த்து உட்கார்ந்திருந்தான். "ஏண்ணா அவன் வந்து என்ன அணைச்சான்? கைப்பிடி மாட்டிக்கிச்சுண்ணா, நான் ஒண்ணும் பண்ணலண்ணா" என்று அழுதான். அக்பர் அலி அவனுக்கு அப்பால் ராஜ்தூத்துக்கு அடியில் கிடந்தான். விழுந்தவன்மேல் பின்னால் வந்த ஒரு புல்லட் ஏறியிருந்தது. நாலு பேர் வண்டியைத் தூக்கினார்கள். இடது தொடை இருக்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது.

கரீம் அவன் தலையை மடியில் எடுத்தான். வேன் வரட்டும், வேன் வரட்டும் என்று சவுரியப்பன் கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் பின்னால் யாரோ வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டது. கரீம் திரும்பினான். நின்றுபோன வண்டிகளெல்லாம் பயந்து, வந்த வழியே ஊர் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தன. பெங்களூர் வண்டிகளும்தான்.

மடியில் இருந்த தலையை அவன் பார்த்தான். ஒரு தடவை கை எழாமல் நின்றவன்தான். இந்தத் தடவை எழுந்தான். "முனிராஜ், இவனப் பிடி" என்று தலையை அவன் கையில் கொடுத்துவிட்டு, "வண்டிய எடுக்காதீங்க! யாரும் எடுக்காதீங்க! ஒரு வண்டியில கம்பி இல்ல, நான்தான் போட மறந்துட்டேன்!" என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டு ஓடினான். கூட்டம் அவனை விநோதமாகப் பார்த்தது. முனிராஜும் பார்த்தான்.

முதல் பெங்களூர் வண்டியில் கம்பி இருந்தது. இரண்டாவதில் நட்டைத் தொட்டான். ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரலுக்கே சுழன்றது. இன்னும் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்றுதான் தாங்கியிருக்கும் என்று அவன் விரலுக்குத் தெரிந்தது. அந்தப் பையன் இறங்கி, குனிந்து பார்த்துவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். கரீம் நட்டை முறுக்கிக் கம்பியைச் செருகினான். கால்களை மடக்க மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

வேன் தர்மபுரிக்குக் கிளம்பியபோது அக்பர் அலியின் தலை முனிராஜின் மடியில் இருந்தது. காலை ஒரு பலகையில் வைத்து, முண்டாசுத் துணிகளால் கட்டியிருந்தார்கள். கரீம் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரோட்டில் குழி வரும்போதெல்லாம் பையன் பல்லைக் கடித்தான். கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறந்தான்.

"மச்சான். முனிராஜுதுதானே?"

இல்லை என்று சொன்னால், அந்தக் கால் எதற்குப் போயிற்று? ஆமாம் என்று சொல்லக் கரீமுக்கு என்ன யோக்கியதை? முனிராஜ் அவனை நிமிர்ந்து பார்த்தான். கம்பி எந்த வண்டியில் இல்லை என்று முனிராஜுக்குத் தெரியும். கரீம் கத்தியதை அவனும் கேட்டான், போட்டதையும் பார்த்தான். கேலிக்கார முகத்தில் கேலி துளியும் இல்லை.

"என்னுதுதான்டா" என்றான் முனிராஜ். "நீ வரலன்னா நான் போயிருப்பேன். பேசாம படு."

அக்பர் அலி சிரிக்கப் பார்த்தான், வலியில் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். கரீம் முனிராஜைப் பார்க்கத் துணியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஷகிலா வாசலில் நின்றுகொண்டிருப்பாள். அவளிடம் எதை எப்படிச் சொல்வதென்று அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தர்மபுரி போய்ச் சேருகிறவரைக்கும் அவன் நாக்கு உதட்டோரத்தில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் மறுபடி மறுபடி தேடியது.